ரயிலும் படகும்

ஒஸ்ட்ராவாவில் மார்ச் மாதம்
பனியுமல்ல, சேறுமல்ல;
இரண்டுக்கும் நடுவே காலணியில் ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்று.
அதை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தான்
கெய்ஸா ஜிகா, வயது பதின்மூன்று.
ரோமா என்று கோப்பில் எங்கும் எழுதவில்லை.
எழுதத் தேவையில்லை, முகவரி போதும்.

நிறுத்துக்கடிகாரத்தை மடியில் மறைத்துக்கொண்டேன்.
பழைய சோவியத் கடிகாரம்.
மறைத்தாலும் அதன் சத்தம் மேசைக்கு மேல் ஏறி வரும்.
பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்,
என் கேள்வியை அப்புறம்.

சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது கட்டைகள்.
படத்தில் இருப்பதுபோல் அடுக்கு என்றேன்.
எட்டை அடுக்கிவிட்டு
ஒன்பதாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதில் சாயம் உரிந்திருக்கிறது."
நேரம் முடிந்தது.
உரிந்திருந்தது உண்மைதான்.
பன்னிரண்டு வருடமாய் என் கையில் புழங்கும் கட்டை,
நான் கவனித்ததேயில்லை.

ரயிலும் படகும் எந்த வகையில் ஒன்று?
கூரையைப் பார்த்தான், காலணியைப் பார்த்தான்.
"இரண்டிலும் டிக்கெட் கேட்பார்கள்."

எனக்கு மனப்பாடம்தான்,
ஆனாலும் விடைத்தாளைப் புரட்டினேன்.
வாகனங்கள் என்றால் இரண்டு மதிப்பெண்.
நகரும், ஓடும், ஆளை ஏற்றும் என்றால் ஒன்று.
டிக்கெட்டுக்கு
சுழியம்.
சுழியத்தை நான் அழகாகப் போடுவேன்,
தொடங்கிய இடத்திலேயே
கோடு வந்து முட்டும்படி.

மொத்தம் எழுபத்து நான்கு.
அந்த எண்ணுக்கென்று அப்போது ஒரு பள்ளி இருந்தது:
எஃகு ஆலைக்குப் பின்னால் மஞ்சள் கட்டடம்,
தச்சு உண்டு, தோட்டவேலை உண்டு,
இயற்கணிதம் கிடையாது.
பரிந்துரையின் அடியில் இருப்பது என் கையெழுத்து.

நான்கு வருடம் கழித்து
ப்ர்னோவிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள்.
பழைய பட்டியலைக் கேட்டு வாங்கி
பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப்போய்
காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள்.

படங்களை ராதோவான் திரையில் காட்டினான்.
இந்த வயதில் மூளையின் மேலுறை தடிப்பதில்லையாம்,
மெலிகிறதாம்.
தெற்கு மொராவியாவில் பிப்ரவரியில்
திராட்சைக்கொடிக்குக் கவாத்து செய்வார்களே, அதுபோல
வேண்டாத இணைப்புகளை மூளையே வெட்டிவிடுமாம்.
வேண்டாதது எது என்று மூளைக்கு யார் சொல்வது, என்றேன்.
"பயன்படாதது" என்றான்,
கேள்வி அவ்வளவு எளிது என்பதுபோல.

மறுசோதனைக்கு கெய்ஸா வந்தபோது
அவனுக்கு முன்னால் டயர்க்கடை வாசனை வந்தது.
மேலுதட்டில் மெல்லிய மீசை.
சாயம் உரிந்த கட்டை
முப்பத்தோராவது நொடியில் தன் மூலையில் உட்கார்ந்தது;
அதை அவன் பார்க்கக்கூட இல்லை.

ரயிலும் படகும்...
"வாகனங்கள்."
நான் முடிக்கவே இல்லை.
பிறகு மேசையின் என் பக்கத்தை எட்டிப் பார்த்து,
"உங்கள் தாளில் அப்படித்தானே இருக்கிறது?"

இரண்டு என்று எழுதினேன்.
வெட்டிப்போட்டது எது,
மடித்து உள்ளே வைத்துக்கொண்டது எது,
ராதோவானின் படத்தில் தெரியவில்லை.
தொண்ணூற்றெட்டு!
அவன் விசிலடித்தான்.
இருபத்து நான்கு புள்ளி ஏற்றம்,
கட்டுரைக்குப் பொருத்தமான பையன்.
மஞ்சள் கட்டடத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமே என்றேன்.
அதற்குத் தனி மாறி வேண்டும் என்றான்.

திரும்பும்போது டிராமில் நல்ல கூட்டம்.
கெய்ஸாவும் அதே பெட்டியில், பின்கதவருகே.
என்னைப் பார்த்தானா, தெரியாது.
மூன்றாவது நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார்.
கையுறையைக் கழற்றிப்
பையெல்லாம் துழாவி
டிக்கெட்டை எடுத்துத் தயாராய் வைத்திருந்தேன்.

என்னைக் கடந்து
நேராகப் பின்கதவுக்குப் போனார்.

இத்தனை வருடத்தில்
என்னிடம் யாரும் கேட்டதாய் நினைவில்லை.